கரண்ட் குறைவாக வைத்தால் கவனிப்பும் குறைவா?

கழுத்தில் நெறி கட்டினால் நாம் என்ன செய்கிறோம்? மஞ்சள் பத்துப் போடுவோம். கொழுந்துக் காலம் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று விட்டுவிடுவோம். பெரும்பாலான நெறிகள் தானாக வற்றிவிடும், உண்மைதான். ஆனால் வலியில்லாத கட்டி மூன்று கிழமைக்கு மேல் நின்றாலும், காய்ச்சல், உடுப்பு நனைகிற இராவியர்வை, காரணமில்லாத மெலிவு இருந்தாலும் தோட்ட டிஸ்பென்சரியோடு நின்றுவிடக் கூடாது. காசநோயும் இப்படி வரும். லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோயும் இப்படி வரும். கட்டியில் சிறு பகுதியை எடுத்துச் சோதித்தால்தான் எது என்று தெரியும்.

லிம்போமாவில் ஒரு வகை ஹொட்ஜ்கின் நோய். 1832இல் தோமஸ் ஹொட்ஜ்கின் என்ற ஆங்கில மருத்துவர் இதை விவரித்தார். இளம் வயதினருக்கும் வரும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலோர் குணமாகின்றனர்.

முன்பும் இப்போதும்

முன்னர் இந்நோய்க்குக் கதிர்ச் சிகிச்சை, அதாவது நாம் சொல்லும் 'கரண்ட்', கழுத்து, நெஞ்சு, கக்கம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அதிக அளவில் வைக்கப்பட்டது. நோய் மாறியது. ஆனால் பத்து, இருபது வருடம் கழித்துச் சிலருக்கு இருதய நோயும் தைரொயிட் கோளாறும் வந்தன. இளவயதில் நெஞ்சில் கரண்ட் வைத்த பெண்கள் சிலருக்கு மார்புப் புற்றுநோய் வந்தது. ஆகவே, குணம் குறையாமல் கரண்டைக் குறைக்க முடியுமா என்று ஆராய்ந்தார்கள்.

ஜெர்மன் மருத்துவர்கள் ஆரம்பக் கட்டத்தில், ஆபத்துக் குறிகள் இல்லாத 1370 நோயாளரை ஆராய்ந்து 2010இல் முடிவை வெளியிட்டனர். இரண்டு சுற்று மருந்தும் 20 கிரே கரண்டும் பெற்றவர்கள், நான்கு சுற்றும் 30 கிரேயும் பெற்றவர்களைப் போலவே குணமடைந்தனர். ஒரு நாளைக்கு 2 கிரே வீதம் பார்த்தால், 15 நாள் 10 நாளாகிறது. கலஹா, புசல்லாவை பக்கமிருந்து கண்டிக்கு பஸ் ஏறுகிறவருக்கு ஐந்து நாள் பேர் மிச்சம்!

அப்படியானால் கரண்டே வேண்டாமா? பிரித்தானியாவில், மூன்று சுற்று மருந்துக்குப் பின் பெட் ஸ்கேனில் நோய் தெரியாதவர்களை இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள், கரண்ட் பிரிவில் நூற்றுக்கு 94.6, கரண்ட் இல்லாத பிரிவில் 90.8. அதாவது கரண்டை விட்டால் நோய் திரும்புவது கொஞ்சம் கூடுகிறது. வைத்தால் பிற்காலப் பாதிப்புக்கு இடமுண்டு. வயது, கட்டி இருக்கும் இடம், ஸ்கேன் முடிவு எல்லாம் பார்த்து டொக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

இரண்டு தப்பெண்ணங்கள்

"தோட்டத்து ஆள் என்றுதானே குறைத்துக் கொடுக்கிறார்கள்" என்று சிலர் மனம் வருந்துவதுண்டு. அது சரியல்ல. குறைந்த அளவு என்பது ஆராய்ந்து கண்ட அளவு.

"கட்டி கரைந்துவிட்டது, இனி எதற்கு?" என்று பாதியில் நிறுத்துவது அதைவிட ஆபத்து. டொக்டர் குறைப்பது வேறு, நாமாக நிறுத்துவது வேறு.

நினைவில் வைப்போம்

1. சொன்ன நாளில் கிளினிக் போவோம். கண்டி தேசிய வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு உண்டு.
2. எத்தனை கிரே, எந்த இடத்தில் என்று கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குவோம். இருபது வருடம் கழித்தும் அது உதவும்.
3. நெஞ்சில் கரண்ட் வைத்த பெண்கள் மார்புப் பரிசோதனையை எப்போது தொடங்குவது என்று கேட்க வேண்டும்.
4. புகைப்பதை விடுவோம்.