செம்பருத்தி நர்சரியில் வேலையா? முதலில் கத்தரிக்கோலைக் கவனியுங்கள்

நர்சரி வேலைக்குப் புதிதாகச் சேர்பவர் கையில் முதலில் கொடுக்கப்படுவது கத்தரிக்கோல். தாய்ச்செடியில் குச்சி வெட்ட வேண்டும், பையில் நட வேண்டும், நிழல்வலைக்குள் அடுக்க வேண்டும். கை வேகமாக ஓடினால் பாராட்டும் கிடைக்கும். ஆனால் தாய்ச்செடி ஒன்றில் வைரஸ் இருந்து, அதில் வெட்டிய கத்தரியை அப்படியே அடுத்த செடியில் வைத்தால், அந்த வேகமே நோயைப் பரப்பும். செடிக்குள் புகுந்த வைரஸைக் கொல்லும் மருந்து எந்தக் கடையிலும் கிடையாது. வராமல் தடுப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் திறமை.

இரண்டு வைரஸ்கள், இரண்டு வழிகள்

முதலாவது வெளிர்வளையப் புள்ளி வைரஸ். 1976-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதை முதன்முதலில் விவரித்தார்கள். பின்னர் சிங்கப்பூர், தைவான் உள்ளிட்ட இடங்களிலும் கண்டறியப்பட்டது. இதைப் பரப்பும் பூச்சி எதுவும் அறியப்படவில்லை. கத்தரி, கை, நோயுள்ள குச்சி இவை வழியாகவே போகிறது.

இரண்டாவது இலைச்சுருள் வைரஸ். பருத்தி விவசாயிகளை வாட்டும் அதே வைரஸ்தான். வெள்ளை ஈ சாறு உறிஞ்சும்போது செடிக்குச் செடி கடத்துகிறது. வெண்டையையும் விடாது.

இலையைத் திருப்பிப் பாருங்கள்

வளையப் புள்ளி நோயில் வெளிர்பச்சைப் புள்ளிகளும் வளையங்களும் ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும். சில பருவங்களில் அறிகுறி மங்கிவிடும், வைரஸ் உள்ளேயே இருக்கும். இலைச்சுருளில் விளிம்பு மடங்கும், நரம்பு தடிக்கும். இலையின் அடியில் நரம்பை ஒட்டிச் சின்னக் கிண்ணம்போல ஒரு புடைப்பு தெரிந்தால் சந்தேகம் வலுக்கிறது.

எல்லாச் சுருக்கமும் வைரஸ் அல்ல. நுனி கொத்தாகச் சுருண்டு வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் அது மாவுப்பூச்சி. இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று இடைப்பகுதி சீராக மஞ்சளானால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. இவை இரண்டையும் சரிசெய்ய முடியும். பிரித்தறியத் தெரிந்தவர் நல்ல செடியை வீணாகப் பிடுங்க மாட்டார்.

தினமும் செய்ய வேண்டியவை

1. ஒவ்வொரு தாய்ச்செடிக்கும் எண் கொடுங்கள். எந்தச் செடியின் குச்சி எந்த வரிசைக்குப் போனது என்று நோட்டில் எழுதுங்கள். பிறகு நோய் தெரிந்தால் எங்கே தேடுவது என்று குழம்ப வேண்டியதில்லை.

2. இரண்டு கத்தரிகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வெட்டும்போது மற்றொன்று கிருமிநீக்கக் கரைசலில் ஊறட்டும். செடி மாறும்போது கத்தரியும் மாறட்டும்.

3. கரைசலுக்கு ஒரு பங்கு வீட்டுப் ப்ளீச், ஒன்பது பங்கு தண்ணீர். அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்குங்கள். கையுறை அவசியம். ஆசிட்டுடன் சேர்ந்தால் நச்சுவாயு வரும், பக்கத்தில்கூட வைக்காதீர்கள். ப்ளீச் இரும்பை அரிக்கும், மாலையில் கத்தரியைக் கழுவித் துடைத்து எண்ணெய் போடுங்கள்.

4. நல்ல செடிகளில் முதலில் வெட்டுங்கள். சந்தேகச் செடியில் வெட்டவே வேண்டாம்.

5. மஞ்சள் ஒட்டும் அட்டைகளைத் தொங்கவிடுங்கள். அட்டையில் வெள்ளை ஈ கூடுகிறதா என்று பார்த்து முன்கூட்டியே கட்டுப்படுத்துங்கள்.

சந்தேகம் வந்தால்

மறைக்காதீர்கள். "ஐயா, நாலாவது வரிசையில மூணு செடி இலை சுருண்டிருக்கு, அடியில புடைப்பு இருக்கு, தனியா எடுத்து வைக்கவா?" என்று அன்றைக்கே முதலாளியிடம் சொல்லுங்கள். இடம், எண்ணிக்கை, அறிகுறி மூன்றும் அதில் இருப்பதால் அவர் உடனே முடிவெடுக்கலாம். மாதிரி இலையுடன் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறையையோ அணுகலாம். நோய் உறுதியானால் செடியைப் பிளாஸ்டிக் பையால் மூடிய பிறகே பிடுங்குங்கள். இல்லையென்றால் வெள்ளை ஈக்கள் பறந்து அடுத்த செடிக்குப் போய்விடும்.

மேலே போக வழி

இப்படிச் சுத்தமாகவும் கவனமாகவும் வேலை செய்யும் பழக்கம் உள்ளவருக்குத் திசு வளர்ப்புக் கூடங்களிலும் வேலை இருக்கிறது. அங்கே தண்டு நுனியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துண்டை வெட்டி, வைரஸ் இல்லாத செடி எடுக்க முயல்கிறார்கள். எலைசா, பி.சி.ஆர். சோதனைகளால் உறுதிசெய்கிறார்கள். திசு வளர்ப்புச் செடிகளுக்கு மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் சான்றளிப்பு முறை 2006 முதல் இருக்கிறது. தோட்டக்கலைப் பட்டயமோ தாவர அறிவியல் பட்டமோ இருந்தால் இந்தப் பக்கம் முயன்று பாருங்கள்.

கடைசியாக ஒன்று. சந்தேகச் செடியைத் தள்ளுபடி விலைக்குக்கூட விற்காதீர்கள். வாங்குபவர் அதை வெண்டைப் பாத்திக்குப் பக்கத்தில் நடலாம், அதிலிருந்து குச்சி வெட்டி அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்கலாம். ஒரு செடியின் விலை போனால் நஷ்டம் அத்தோடு முடிந்தது. நோய்ச்செடி விற்ற நர்சரி என்று பெயர் வந்தால் அதைத் துடைக்க வருடங்கள் ஆகும்.