முதலில் முகமூடி: காற்றழுத்தப் பாடத்துக்கு ஒரு விமான நிகழ்வு

விமானத்தில் ஆக்சிஜன் முகமூடி ஏன் வைத்திருக்கிறார்கள் என்று வகுப்பில் கேட்டால், "மேலே ஆக்சிஜன் இருக்காது" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். உண்மையில் 35,000 அடி உயரத்திலும் காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 விழுக்காடுதான். குறைந்திருப்பது அழுத்தம். கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் கால் பங்குதான் அங்கே இருக்கும். நுரையீரலிலிருந்து போதிய ஆக்சிஜன் இரத்தத்தில் சேர அது போதாது. ஆகவே விமானத்துக்குள் காற்றைச் செலுத்தி, 8,000 அடி உயரத்தில் உள்ள அழுத்தத்துக்குக் குறையாமல் வைத்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட உதகமண்டலத்தில் இருப்பதுபோல என்றால் மாணவர்களுக்குப் பிடிபடும்.

அந்த அழுத்தம் திடீரென இழக்கப்பட்டால் விமானி முதலில் என்ன செய்வார்? விமானத்தைக் கீழே இறக்குவார் என்பார்கள் மாணவர்கள். இல்லை, முதலில் தன் முகமூடியை அணிவார். 35,000 அடியில் தெளிவாகச் செயல்பட அவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. துணை விமானியுடன் பேச்சுத் தொடர்பு, 10,000 அடியை நோக்கி விரைவான இறக்கம், கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் எல்லாம் அதற்குப் பிறகே. கீழே உயர்ந்த மலைகள் இருந்தால் அவ்வளவு இறங்கவும் முடியாது.

அழுத்தம் மெல்லக் குறைவது இன்னும் ஆபத்து. 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸ் நோக்கி ஹீலியோஸ் நிறுவனத்தின் போயிங் 737 கிளம்பியது. பராமரிப்புச் சோதனைக்குப் பின் அழுத்தக் கட்டுப்பாட்டுத் திருகி கைமுறை நிலையிலேயே விடப்பட்டிருந்தது. விமானிகளும் அதைக் கவனிக்கவில்லை. மேலே ஏறும்போது எச்சரிக்கை ஒலித்தது. தரையில், புறப்படுவதற்கான அமைப்புகள் சரியாக இல்லாதபோதும் அதே ஒலிதான் வரும். விமானிகள் அதுவென்றே எண்ணி, முகமூடி அணியாமல், பழுது குறித்து வானொலியில் பேசிக்கொண்டிருந்தார்கள். சிறிது நேரத்தில் நினைவிழந்தார்கள். தானியங்கிக் கருவி விமானத்தை ஏதென்ஸ்வரை கொண்டுசென்று வட்டமிட வைத்தது. எரிபொருள் தீர்ந்து விழுந்ததில் 121 பேரும் இறந்தார்கள்.

"மூச்சு முட்டியிருக்குமே, அவர்களுக்குத் தெரியாதா?" என்று யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. மூச்சு முட்டும் உணர்வைப் பெரும்பாலும் தருவது உடலில் சேரும் கார்பன் டை ஆக்சைடு. அது இங்கே வழக்கம்போல் வெளியேறிவிடுகிறது. சிலருக்கு உற்சாகம்கூடத் தோன்றும். ஆபத்தை உணர வேண்டிய மூளையே முதலில் மங்குகிறது. யோசித்துவிட்டு முகமூடி அணியலாம் என்பதற்கு அங்கே இடமில்லை.

வகுப்பில் செய்து காட்ட, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சு ஒன்று போதும். கடலை அளவுக்கு ஊதிக் கட்டிய பலூனை உள்ளே இட்டு, உலக்கையைப் பொருத்தி, முனையை விரலால் அடைத்துப் பின்னால் இழுங்கள். பலூன் பெருக்கும். "பலூனுக்குள் காற்று கூடியதா?" என்று கேளுங்கள்.