புதுக் கணனி வாங்க முன்னர் பழையதைக் கொஞ்சம் பாருங்கள்

"கடைக் கணனி மந்தமாகிவிட்டது. புதிதாக ஒன்று வாங்கலாமா நானா?" சமீப காலமாகப் பல வியாபாரிகள் என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். நான் கணனி படித்தவனல்ல. சாதாரண தரம் வரை படித்துவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்தவன். ஆனால் நட்டப்பட்டுக் கற்ற சில பாடங்கள் என்னிடம் உண்டு.

முதலாவது பாடம் 2022ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலத்தில் கிடைத்தது. மாதக் கடைசியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது. திரும்ப வந்தபோது ஹாட் டிஸ்க் வேலை செய்யவில்லை. கடன் கணக்கு முழுவதும் அதற்குள்தான் இருந்தது. நான்கு மாதங்களுக்கு முன் பென் டிரைவில் எடுத்த பிரதி ஒன்றே மிஞ்சியது. வாடிக்கையாளரிடம் போய், "உங்கள் பாக்கி எவ்வளவு?" என்று கேட்க எனக்கே வாய் கூசியது. சிலர் நான் நினைத்ததைவிடக் கூடுதலாகச் சொல்லிப் பணம் தந்தார்கள். சிலர் மௌனமாக இருந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல என் கையில் எழுத்து இருக்கவில்லை.

ஆகவே எதில் கை வைப்பதாயினும் முதலில் கணக்கைப் பிரதி எடுங்கள். வாரம் ஒரு நாள், கடை மூடும் நேரத்தில், வெளி ஹாட் டிஸ்க் ஒன்றில் பிரதி செய்யுங்கள். முடிந்ததும் அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். செருகியபடியே விட்டால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் பிரதியையும் சேர்த்தே பூட்டிவிடும்.

இரண்டாவது, செலவில்லாத வேலை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் திறக்கும். அதில் 'ஸ்டார்ட்அப்' என்ற பகுதியைப் பாருங்கள். கணனியைப் போட்டவுடன் நாம் கேட்காமலே எழும்பும் மென்பொருட்கள் அங்கே வரிசையாக இருக்கும். தேவையற்றதை 'டிஸேபிள்' செய்யுங்கள். வைரஸ் தடுப்பை மட்டும் தொடாதீர்கள். அடுத்து, விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'அக்டிவ் அவர்ஸ்' என்ற இடத்தில் உங்கள் கடை நேரத்தைக் குறிப்பிடுங்கள். வியாபார நேரத்தில் கணனி தானாக நின்று எழும்பும் தொல்லை குறையும்.

மூன்றாவது, சிறு செலவு. பழைய ஹாட் டிஸ்க்குக்குள் தட்டு சுழல்கிறது. பெரும்பாலான தாமதம் அங்கேதான். அதே இடத்தில் எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பூட்டலாம். அதற்குள் சுழல்வது எதுவுமில்லை. என் கடைக் கணனி எழும்பி முடிவதற்குள் ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பேன். எஸ்.எஸ்.டி. பூட்டிய பின் தண்ணீர் கொதிப்பதற்குள்ளேயே அது தயார்.

ரேம் நான்கு ஜிபி மட்டும் இருந்தால் எட்டாக்குவது நல்லது. ஆனால் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். டிடிஆர்3 இடத்தில் டிடிஆர்4 பொருந்தாது. பழையதைக் கழற்றிக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். அத்தோடு, 32 பிட் விண்டோஸ் சாதாரணமாக நான்கு ஜிபிக்கு மேல் பாவிக்காது. அதை மாற்றாமல் ரேம் போடுவது வீண் செலவு.

கடைசியாக, விண்டோஸ் மாற்றம். விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்தன. கணனி அன்றோடு நிற்கவில்லை. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாது. வங்கிக் கணக்கை அதில் திறப்பவர்களுக்கு இது ஆபத்து. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசரும் தேவை. எஸ்.எஸ்.டி.க்கும் ரேமுக்கும் காசு கொடுக்க முன்னரே இதைப் பாருங்கள். தகுதியிருந்தால் சிறு செலவு போதும். தகுதியில்லாவிட்டால் அந்தக் காசைப் புதுக் கணனிக்கு ஒதுக்குங்கள்.

எந்தக் கணனியும் ஒருநாள் பழுதாகும். கடையில் இன்னொன்று வாங்கலாம். யார் எவ்வளவு தரவேண்டும் என்ற கணக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இந்த வாரமே ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.