வழக்காட வசதியில்லையே என்று நட்டத்தை விழுங்க வேண்டாம்

எங்கள் நிலையத்துக்கு விவசாயிகள் மண் மாதிரி கொண்டு வருவார்கள். பூச்சி அரித்த இலையைக் கொண்டு வருவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் பத்துப் பதினைந்து மிளகாய்ச் செடிகளை வேரோடு பிடுங்கிச் சாக்கில் கட்டி எடுத்து வந்தார். எல்லாம் ஒரே வீரிய ஒட்டு விதை. சில செடிகளில் காய் நீண்டு தொங்கியது; சிலவற்றில் குட்டையாக மேல்நோக்கி நின்றது; மற்றவை பூக்கவே இல்லை. நடவு செய்தது ஒன்றரை ஏக்கர். விதை, உரம், களையெடுப்பு என்று வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது.

“கடைக்காரரிடம் கேட்டீர்களா?” என்றேன்.

“கேட்டேனுங்க ஐயா. கோர்ட்டுக்குப் போய்க்கோ என்கிறார். வக்கீலுக்குக் கொடுக்க நான் எங்கே போவேன்?”

இக்கேள்விக்கு விடை அவருடைய தாலுகா கோர்ட்டு வளாகத்திலேயே இருந்தது. அன்று அது அவருக்கும் தெரியாது, வேளாண்மை சொல்லிக் கொடுக்கும் எனக்கும் தெரியாது.

ஏழை என்ற காரணத்தால் எவருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்பது நமது அரசியல் சட்டத்தின் 39-ஏ பிரிவு. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் இது சேர்க்கப்பட்டது. இதைச் செயல்படுத்த 1987-இல் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. மாவட்ட நீதிபதியின் தலைமையில் ஒவ்வொரு மாவட்டத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. தாலுகா அளவில் வட்டச் சட்டப்பணிகள் குழு உண்டு. இரண்டுமே பெரும்பாலும் கோர்ட்டு வளாகத்திலேயே இருக்கும். இடம் தெரியாதவர்கள் 15100 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் கேட்கலாம்.

யார் யாருக்குக் கிடைக்கும்?

பெண்கள், குழந்தைகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்போர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு கிடையாது. தம் பெயரில் சாகுபடி செய்யும் பெண்கள் இதைக் குறித்துக் கொள்ள வேண்டும். உழவர்களுக்கு மிகவும் பொருந்தும் பிரிவு ஒன்றும் இருக்கிறது. வெள்ளம், வறட்சி போன்ற பேரிடரால் பாதிக்கப்பட்டவர்களும் உதவி பெறத் தகுதியுடையவர்களே. இதை அறிந்த விவசாயியை நான் அதிகம் கண்டதில்லை. மற்றவர்கள் மாநில அரசு நிர்ணயித்த ஆண்டு வருமான வரம்புக்குள் இருக்க வேண்டும். வருமானத்துக்குப் பொதுவாக உறுதிமொழிப் பத்திரமே போதுமானது; சொன்னதை நம்ப முடியாது என்று கருதக் காரணம் இருந்தாலொழிய வேறு சான்று கேட்க வேண்டியதில்லை என்கிறது சட்டம்.

விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அங்குள்ளவர்களே எழுதிக் கைநாட்டு வாங்கிக் கொள்வார்கள். வக்கீலை அவர்களே நியமிப்பார்கள். வக்கீல் கட்டணம், கோர்ட்டுக் கட்டணம், தீர்ப்பு நகல் பெறும் செலவு எல்லாம் ஆணைக்குழுவைச் சேர்ந்தவை. இப்படி நியமிக்கப்பட்டவர் தனியாகக் கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். ஆணைக்குழுச் செயலாளரிடம் முறையிடுங்கள். இலவசம்தானே என்று வாய் மூடிக் கிடக்க வேண்டியதில்லை.

சிவில், கிரிமினல் கோர்ட்டுகளுக்கு மட்டும்தான் இந்த உதவி என்று நினைத்துவிடக் கூடாது. குத்தகைத் தகராறு விசாரிக்கும் வருவாய் நீதிமன்றத்துக்கும், விதைக் கோளாறு போன்ற புகார்களை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையத்துக்கும் இது பொருந்தும்.

விதை வழக்கு

விவசாயியும் நுகர்வோரே என்று 2012-ஆம் ஆண்டு, ஆந்திர விவசாயிகளின் விதை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விதைச் சட்டம் இருக்கிறது, அங்கே போங்கள் என்ற வாதத்தை அது ஏற்கவில்லை. ‘விதை மாதிரி எங்கே?’ என்று எதிர்த்தரப்பு கேட்பது வழக்கம். வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடுபவன் விவசாயி. சோதனைக்கென்று மிச்சம் வைத்திருப்பான் என எதிர்பார்க்க முடியாது என்பதையும் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது.

இப்போது நடைமுறையில் இருக்கும் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். ஆயினும் எதிரில் நிறுவனத்தின் வக்கீல் நிற்கும்போது நம் பக்கமும் ஒருவர் இருப்பது நல்லது. புகாரை 2 ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். அடுத்த போகம் பார்த்துக் கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டால் நாள் கடந்துவிடும்.

வக்கீல் கிடைத்துவிட்டால் மட்டும் வழக்கு நிற்காது. சாக்கில் செடி கொண்டு வந்தவருக்கு நான் எழுதிக் கொடுத்த அறிக்கையில் ஒரே வரிதான் இருந்தது: ‘பயிரில் கலவன்கள் காணப்படுகின்றன.’ நூற்றுக்கு எத்தனை என்று நான் எண்ணவில்லை. வயலுக்கே போகவில்லை. அவர் நகையை அடகு வைத்து வக்கீல் அமர்த்தினார். இலைச்சுருட்டு நோயாலும் நீர்ப் பற்றாக்குறையாலும் வந்த இழப்பு என்று எதிர்த்தரப்பு வாதாடியது. என் ஒற்றை வரியில் அதற்குப் பதில் இல்லை. வழக்கு தோற்றது. அதன்பின் அவர் எங்கள் நிலையத்துப் பக்கம் வரவில்லை.

ஆகவே பயிரில் குறை தெரிந்ததும், காய்கறியானால் தோட்டக்கலை உதவி இயக்குநருக்கும், மற்றப் பயிரானால் வேளாண்மை உதவி இயக்குநருக்கும், கூடவே விதை ஆய்வாளருக்கும் எழுத்து மூலம் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பயிரை உழுது மடக்கிவிடாதீர்கள். நிற்கும் பயிர்தான் முதல் சாட்சி. பார்வையிடும் நாளைக் கடைக்காரருக்கும் நிறுவனத்துக்கும் விரைவுத் தபாலில் தெரிவித்து விடுங்கள். வந்தால் அவர்கள் முன்னிலையில் நடக்கட்டும். வராவிட்டால் தெரிவித்ததற்குத் தபால் ரசீது இருக்கும்.

பார்வையிட வருபவரிடம் நீங்களே கேட்டு வாங்க வேண்டியவை உண்டு. வயலில் நான்கைந்து இடங்களில் தலா 100 செடிகளாவது எண்ணி, கலவன் எத்தனை என்று எழுதச் சொல்லுங்கள். நோய், பூச்சி, தண்ணீர், மண் ஆகியவற்றைச் சோதித்ததையும், அவற்றால் இந்தக் குறை வரவில்லை என்றால் அதையும் எழுதச் சொல்லுங்கள். பக்கத்து வயலில் வேறு விதை நன்றாக விளைந்திருந்தால் அதையும் சேர்க்கச் சொல்லுங்கள். என் இளைய சக விஞ்ஞானிகளுக்கும் இதையே சொல்லி வருகிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள், பரவாயில்லை.

மக்கள் நீதிமன்றம்

கோர்ட்டில் ஆண்டுக்கணக்கில் நடக்கும் வழக்கைச் சமரசமாக முடிக்க மக்கள் நீதிமன்றம் உதவும். கூட்டுறவுக் கடன், பாங்குக் கடன், பாகப் பிரிவினை, வரப்புத் தகராறு போன்றவை அங்கே முடிகின்றன. வழக்குத் தொடுக்கும் முன்பே அங்கே போகலாம். ஏற்கெனவே கட்டிய கோர்ட்டுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கே எழுதப்படும் சமரசம் சிவில் கோர்ட்டுத் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் அப்பீல் கிடையாது. ஆகவே தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள் கிடைக்கும் என்பதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். சம்மதமில்லை என்றால் மறுக்கலாம். வழக்கு பழையபடி நடக்கும்.

ஒட்டு விதை வாங்கும்போது பில்லில் ரகப் பெயரும் குவியல் எண்ணும் எழுதியிருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். சான்று விதைக்கு நீல அட்டை, உண்மை நிலை விதைக்குப் பச்சை அட்டை இருக்கும். அட்டையையும் காலிப் பையையும் அடுப்பில் போடாமல், பில்லோடு சேர்த்துக் கட்டி, அறுவடை முடிந்து பணம் கைக்கு வரும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.