திருகாணியைத் தொடுமுன் பிரதி எடு

பெரியநீலாவணை

அன்பின் மருமகன்,

லெப்டொப் திறக்கவே நேரமெடுக்கிறது, ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போடப் போகிறேன், எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். நல்ல யோசனைதான். ஆனால் அந்த டிஸ்க்கில் தாத்தாவின் கலியாணப் படங்களும் வாப்பாவின் கைத்தறிக் கணக்கும் சாரன் டிசைன்களும் கிடக்கின்றன. எஸ்.எஸ்.டி. எந்தக் கடையிலும் கிடைக்கும். இவை எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆகவே முதல் வேலை பிரதி எடுப்பது.

அதற்கு முன் பழைய டிஸ்க் எந்த நிலையில் இருக்கிறது என்று பார். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் குறிப்புகளை அது காட்டும். 05 என்ற வரி, கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகளின் கணக்கு. சி5 என்ற வரி, வாசிக்க முடியாமல் நிற்கும் பகுதிகளின் கணக்கு. இரண்டும் பூச்சியமென்றால் பயமில்லை. நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க் கைவிடப் போகிறது. சி7 மட்டும் ஏறினால் கோளாறு பெரும்பாலும் கேபிளில் அல்லது இணைப்பில். நம் கடற்கரை உப்புக்காற்றில் இணைப்பு முனைகள் களிம்பேறுவது சகஜம். கழற்றித் துடைத்துப் பூட்டிப் பார்த்துவிட்டுத்தான் டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டும்.

டிஸ்க் நோய்ப்பட்டிருந்தால் உடனே விண்டோஸின் செக்டிஸ்க் சோதனையை ஓட்டிவிடாதே. அது டிஸ்க்கைத் துருவும், கோப்பு அமைப்பைத் திருத்தியும் எழுதும். தளர்ந்த டிஸ்க் அந்தச் சுமையைத் தாங்காது. திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் வெளியே எடு. சினிமாவும் பாட்டும் கடைசியில் பார்க்கலாம். நிலைமை மோசமென்றால் லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற கருவி உண்டு. நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். 'டிக், டிக்' என்று சத்தம் கேட்டால் மட்டும் எதையும் செய்யாதே, கரண்டை நிறுத்து. வாசிக்கும் முனை உள்ளே சுழலும் தட்டுக்கு மேல் சில நனோமீட்டர் இடைவெளியில்தான் மிதக்கிறது. அது பழுதான பிறகு திரும்பத் திரும்ப ஓன் பண்ணினால் தட்டே சுரண்டப்பட்டுவிடும். மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். ஒரு தூசு போதும் கெடுப்பதற்கு.

கூகுள் டிரைவில் எல்லாம் இருக்கிறதே என்பாய். கணினியோடு ஒத்திசையும் கோப்புறை நல்லதுதான். ஆனால் நீ இங்கே தவறி அழித்தால் அங்கேயும் அழியும். எப்போதும் இணைந்தே இருக்கும் பிரதிக்கு அந்த ஆபத்து உண்டு. அரசாங்கமே இதில் அடிபட்டிருக்கிறது. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட்டில், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வெயார் புகுந்தது. அரச மின்னஞ்சல் முகவரிகள் சுமார் 5,000 பாதிக்கப்பட்டன. அவற்றுள் அமைச்சரவை அலுவலகத்தின் முகவரிகளும் அடக்கம். மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போயே போய்விட்டன. அந்த நாட்களுக்குத் தனியே கழற்றி வைத்த பிரதி இருக்கவில்லை. எனவே வெளி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்ததும் கழற்றி வை. மாதக்கணக்கில் அதைக் குத்தியே வைத்திருந்தால், வைரஸும் கரண்ட் ஏற்ற இறக்கமும் மூலத்தையும் பிரதியையும் சேர்த்தே கொண்டுபோகும்.

இன்னொன்று. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில் என்று பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய விதி ஒன்று உண்டு. அதன் கடைசிப் பகுதியை நம் ஊர்க்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமி அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. மிஞ்சியவர்கள் பிறப்புச் சான்றிதழுக்கும் காணி உறுதிக்கும் எப்படி அலைந்தார்கள் என்று உம்மாவிடம் கேள். லெப்டொப்பில் ஒன்று, அலுமாரியில் ஒன்று, மேசை லாச்சியில் ஒன்று என்றால், கரையோர வீட்டுக்கு அது மூன்றல்ல, ஒன்றுதான். ஒரு டிஸ்க்கைச் சம்மாந்துறையில் மாமி வீட்டில் கொடுத்து வை. பெருநாளைக்குப் போகும்போதெல்லாம் புதியதைக் கொடுத்துப் பழையதை வாங்கி வா.

இனி வாங்குவது. உன் லெப்டொப் பழையது, 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. போதும். எம்.2 துளை இருந்தால், அது சாட்டா வகையா என்விஎம்இ வகையா என்று பார்க்காமல் காசைக் கொடுக்காதே. சாட்டாவின் உச்சம் செக்கனுக்கு 550 மெகாபைட் அளவுதான். ஆனாலும் நீ உணரப்போகும் வேகம் அந்த எண்ணில் இல்லை. வாசிக்கும் முனையை நகர்த்தி நகர்த்தித் தட்டில் தேடும் வேலை ஒழிவதுதான் வித்தியாசம். பிட்லொக்கர் என்ற விண்டோஸ் பூட்டு போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணை முதலில் தாளில் எழுது. பிறகு யூ.எஸ்.பி. கேபிளில் எஸ்.எஸ்.டி.யை மாட்டி, குளோன் பண்ணி, இடம் மாற்று. பழைய டிஸ்க்கை அன்றைக்கே ஃபோர்மட் பண்ணாதே. ஒரு மாதம் அப்படியே கிடக்கட்டும்.

எஸ்.எஸ்.டி. போட்ட பிறகு பிரதியின் தேவை இன்னும் கூடும் என்பதையும் மனதில் வை. ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் முனகி, சுணங்கி, சொல்லிவிட்டுச் சாகும். எஸ்.எஸ்.டி. பல நேரம் ஒரு சத்தமுமில்லாமல் நின்றுவிடும். அழித்த கோப்பின் இடத்தை ட்ரிம் என்ற ஏற்பாடு விரைவில் துடைத்துவிடுவதால், மீட்கும் மென்பொருளுக்கும் அங்கே அதிகம் வேலையில்லை.

எடுத்த பிரதியை வேறொரு கணினியில் குத்தி, தாத்தாவின் படங்களில் பத்தையும் வாப்பாவின் கணக்கையும் திறந்து பார். திறந்தால்தான் அது பிரதி. அது முடிந்ததும் போன் பண்ணு, கல்முனைக்குக் கூடவே போய் எஸ்.எஸ்.டி. வாங்குவோம்.

வஸ்ஸலாம்.
மாமா