சாம்புவுக்குப் பிறகு யார்?

கேள்வி: அப்பாவின் பெட்டியில் கிடந்த தேவனின் 'துப்பறியும் சாம்பு'வை வீட்டில் எல்லோரும் மாற்றி மாற்றிப் படித்துவிட்டோம். நண்பர்களுக்கும் கொடுத்தாயிற்று. இதேபோல் சிரிக்கவைக்கும் எழுத்தாளர்கள் வேறு யார் இருக்கிறார்கள்?
– வாசகர், சுந்தரபாண்டியம்

பதில்: சாம்புவைப் படித்தவர் அடுத்தும் தேவனைத்தான் படிக்க வேண்டும். பலர் சாம்புவோடு நின்றுவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம். 'ஸ்ரீமான் சுதர்சனம்' எடுங்கள். வருமானம் போதாமல் ஆபீஸ் பணத்தில் கைவைத்துவிட்ட ஒரு குமாஸ்தாவின் கதை. சிரித்துக்கொண்டே போகிற நமக்கு அந்த மனிதனின் பயம் எப்போது தொற்றியது என்றே தெரியாது. கோர்ட்டு விவகாரம் பிடிக்குமென்றால் 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்' இருக்கிறது. 1913-இல் பிறந்த தேவன் 1957-இல் மறைந்தார். 44 வயதுகூட நிறையவில்லை. அதற்குள் இவ்வளவு எழுதியிருக்கிறார்.

தேவனைத் தாண்டினால், என் முதல் சிபாரிசு எஸ்.வி.வி. திருவண்ணாமலையில் வக்கீலாக இருந்தவர். முதலில் 'இந்து'வில் ஆங்கிலத்தில் எழுதிப் பெயர் வாங்கி, பிறகு ஆனந்த விகடனில் தமிழுக்கு வந்தார். சாம்புவில் சம்பவம் சிரிக்கவைக்கிறது, எஸ்.வி.வி.யிடம் பேச்சு சிரிக்கவைக்கிறது. புருஷன் ஒன்று சொல்ல, பெண்டாட்டி அதற்கு நேராகப் பதில் சொல்லாமல் வேறெங்கோ போய், கடைசியில் தான் நினைத்ததையே நடத்திக்கொள்வாள். 'உல்லாஸ வேளை'யிலிருந்து தொடங்கலாம். அக்காலத்து பிராமணக் குடும்பங்களின் பேச்சு அது. முதலில் கொஞ்சம் அந்நியமாகப் படும். சில பக்கம் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டுச் சண்டையின் சூட்சுமம் எல்லாச் சாதிக்கும் ஒன்றுதான்.

வாய்விட்டுச் சிரிக்க சாவியின் 'வாஷிங்டனில் திருமணம்'. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்யாணத்தை அப்படியே அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் இறக்குகிறார். மொட்டைமாடியில் அப்பளம் காய்கிறது. செலவு செய்யும் ராக்ஃபெல்லர் சீமாட்டிக்குச் சம்பந்திச் சண்டையையும் பார்த்துவிட ஆசை! இதில் யாரையும் இழிவுபடுத்தாமலே கதை முழுக்க நகைச்சுவை ஓடுகிறது. ஓவியர் கோபுலுவின் படங்களோடு உள்ள பதிப்பு கிடைத்தால் விடாதீர்கள்.

பாக்கியம் ராமசாமியின் அப்புசாமி–சீதாப்பாட்டி கதைகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரே மூச்சில் படித்தால் சலிக்கும். இடைவெளி விட்டுப் படியுங்கள்.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி ஒருவர் உண்டு. வத்தலக்குண்டு ராஜமையர் 1893-இல் எழுதத் தொடங்கிய 'கமலாம்பாள் சரித்திர'த்தை யாரும் நகைச்சுவை நாவல் என்று சொல்வதில்லை. ஆனால் அதில் வரும் தமிழ்ப் பண்டிதர் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை, தமிழ் நாவலின் முதல் பெரிய நகைச்சுவைப் பாத்திரம் என்பேன். அவருக்காகவே அந்த நாவலைப் படிக்கலாம்.

ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் வுட்ஹவுஸைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். இங்கிலீஷ் ஓரளவு வாசிக்க வருமென்றால் மூலத்திலேயே படியுங்கள். அவருடைய வேடிக்கை வாக்கியத்துக்குள் இருக்கிறது. கதையை மட்டும் சொன்னால் ஒன்றும் மிஞ்சாது.

புத்தகங்களுக்கு வெகுதூரம் அலைய வேண்டாம். பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875-இல் தொடங்கிய பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. அங்கே கேட்டுப் பாருங்கள். எஸ்.வி.வி. கிடைத்தால், நீங்கள் படித்து முடித்த கையோடு, சாம்புவைக் கொடுத்த அதே நண்பர்களிடமும் சொல்லுங்கள். அவருக்கு இன்று வாசகர்கள் தேவை.