நோயாளியின் இரகசியமும் சங்கத்தின் கடமையும்

கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் கணக்கு உண்டு. வாங்கிய பாவு எத்தனை, கொடுத்த துணி எத்தனை, பெற்ற கூலி எவ்வளவு, நிற்கும் கடன் எவ்வளவு என்பன அதில் அடங்கும். ஒருவர் கணக்கை மற்றொருவரிடம் சொல்லுவது முறையன்று என்பதை நம் சங்கங்கள் நெடுங்காலமாக அறிந்துள்ளன. ஆயினும் அதே மேசைக்கு வேறொரு வகைக் காகிதமும் வந்து சேருகிறது. அது அங்கத்தினரின் நோயைப் பற்றியது.

கைத்தறி நெசவாளருக்கென 2005-06ஆம் ஆண்டில் மத்திய அரசின் சுகாதாரக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றது. குடும்பத்தில் நால்வருக்கு ஆண்டொன்றுக்கு ரூ. 15,000 வரை சிகிச்சை உதவி கிடைத்தது. அத்திட்டம் 2014இல் முடிவுற்றது. தமிழ்நாட்டில் 2012 ஜனவரி முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைபெறுகிறது. இத்தகைய உதவிகளை நாடும் அங்கத்தினர் விண்ணப்பம், மருத்துவச் சான்று, ஆஸ்பத்திரி ரசீது ஆகியவற்றுடன் சங்கத்தின் துணையைத் தேடுவது இயல்பு. அக்காகிதங்களைக் காப்பது எங்ஙனம் என்பதே இப்பாடத்தின் பொருள்.

இரகசியம் ஏன் வேண்டும்?

பொதட்டூர்பேட்டை போன்ற நெசவு ஊரில் தறியும் வீடும் ஒரே கூரையின் கீழ் இருப்பதுண்டு. ஒரு வீட்டுச் செய்தி, ஒரு தார் நூல் ஓடி முடியுமுன் தெருக்கோடியை எட்டிவிடும். ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்தால், அவர் மகளுக்குப் பேசிய சம்பந்தம் நின்றுபோகலாம். பாவு கொடுப்பவர் தயங்கலாம். பக்கத்து வீட்டார் தண்ணீர் வாங்கிக் குடிக்கவும் கூசலாம். இதற்கு அஞ்சி நோயாளி என்ன செய்கிறார்? இருமலை மறைக்கிறார், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகாதிருக்கிறார், மருந்தைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்.

சாதாரணக் காசநோய்க்குப் பொதுவாக ஆறு மாதம் இடைவிடாது மருந்து உட்கொள்ள வேண்டும். நடுவில் நிறுத்தினால், கிருமி அம்மருந்துக்கு அடங்காத நிலையை அடையக்கூடும். நோய் பிறருக்கும் பரவும். ஆகவே நோயாளியின் இரகசியத்தைக் காப்பது அவருடைய மானத்தைக் காப்பது மாத்திரமன்று. சிகிச்சையிலும் அது ஒரு பகுதி. இரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கை உள்ள இடத்திலேதான் மனிதர் உண்மையைச் சொல்லுவர்.

சென்னையில் எழுந்த ஒரு வழக்கு

1995ஆம் ஆண்டில் நாகாலாந்து அரசுப் பணியிலிருந்த மருத்துவர் ஒருவர், நோயாளி ஒருவருக்குத் துணையாகச் சென்னைக்கு வந்தார். அந்நோயாளிக்காக இரத்தம் கொடுக்க முன்வந்தபோது, அவருடைய இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி இருப்பது சோதனையில் தெரியவந்தது. செய்தி ஆஸ்பத்திரிக்கு வெளியே சென்றது. அவ்வாண்டு டிசம்பரில் நடக்கவிருந்த அவரது திருமணம் நின்றது. ஊராரின் பேச்சைத் தாங்க மாட்டாமல் அவர் தம் ஊரையே விட்டு வெளியேற நேர்ந்தது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1998 செப்டம்பர் 21ஆம் தேதி தீர்ப்பு வந்தது. நோயாளியின் இரகசியத்தைக் காப்பது மருத்துவரின் கடமையே. எனினும் மணமகளாக வரவிருந்தவரின் உயிர்நலம் அபாயத்தில் இருந்தமையால், அக்கடமைக்கு இங்கு விலக்கு உண்டு என்று நீதிமன்றம் கூறியது. திருமண உரிமை பற்றி அத்தீர்ப்பில் கூறப்பட்ட கருத்துக்களை 2002இல் நீதிமன்றமே விலக்கிக்கொண்டது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டிய பேதம் ஒன்று உண்டு. அபாயத்துக்கு உள்ளாகும் ஒருவர் அறிய வேண்டியது வேறு. ஊரார் அறிய விரும்புவது வேறு. முன்னது நியாயம். பின்னது வெறும் வம்பு.

சட்டம் கூறுவது

மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள் இப்பேதத்தை வரையறுத்துள்ளன. நீதிபதியின் ஆணைப்படி நீதிமன்றத்திலும், குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடும் அபாயம் உள்ளபோதும், அரசுக்கு அறிவித்தே தீரவேண்டிய நோய்களிலும் மட்டுமே மருத்துவர் இரகசியத்தை வெளியிடலாம். காசநோய் 2012 முதல் அவ்வாறு அறிவிக்கவேண்டிய நோயாகும். ஆனால் அறிவிப்பு சுகாதாரத் துறைக்கே உரியது, தெருவுக்கு அன்று. அவ்விதிகளின்படி, நோயாளி தம் சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

2017 ஆகஸ்டு 24ஆம் தேதி, உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். எச்.ஐ.வி. உள்ளோரின் இரகசியத்தைக் காக்கும் தனிச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் உள்ளது. கணினியில் ஏறும் சொந்தத் தகவல்களுக்கென 2023இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது.

கணினியால் வந்த புதிய அபாயம்

காகிதம் களவு போனால் ஒருவர் இரகசியம் போகும். கணினியில் பூட்டு உடைந்தால் எல்லோர் இரகசியமும் ஒருங்கே போகும். 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் முடக்கப்பட்டன. பல நாட்கள் கையால் எழுதியே வேலை நடந்தது. அடுத்த மாதமே, தமிழ்நாட்டிலுள்ள ஒரு மருத்துவமனையின் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் நோயாளிகளின் விவரங்கள் இணையத்தில் விலைக்கு வந்துள்ளதாகப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமொன்று அறிவித்தது. மென்பொருள் வேலை செய்த வேறொரு நிறுவனத்தின் வழியே அவை கசிந்ததாக அவ்வாய்வு கூறியது. நம் வீட்டுக் கதவைப் பூட்டினால் போதாது. சாவியை யாரிடம் கொடுத்தோம் என்பதையும் பார்க்க வேண்டும் என்பதே இதன் பாடம்.

சங்கம் செய்யவேண்டியவை

1. தேவையானதை மட்டும் கேட்க வேண்டும். உதவித்தொகை வழங்கத் தீர்மானம் எழுதும்போது அங்கத்தினர் எண்ணும் “மருத்துவ உதவி” என்னும் சொல்லும் போதும். நோயின் பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிப் பொதுக்கூட்டத்தில் வாசித்தல் கூடாது.

2. மருத்துவச் சான்றைத் தனி உறையிலிட்டுப் பீரோவில் பூட்டிவைக்க வேண்டும். அதைச் சரிபார்க்கும் ஒருவர் பார்த்தால் போதும். நிர்வாகக் குழுவினர் எல்லோரும் பார்க்கவேண்டிய அவசியமில்லை.

3. சான்றையோ ரசீதையோ படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடலாகாது. உதவி திரட்டும் நல்லெண்ணத்தோடு செய்வதாயினும் நோயாளியின் சம்மதம் முதலில் வேண்டும்.

4. ஜெராக்ஸ் கடையிலும் கணினி மையத்திலும் வேலை முடிந்ததும் அங்குள்ள பிரதிகளை அழிக்கச் சொல்ல வேண்டும்.

5. தணிக்கைக்குரிய காலம் கழிந்த காகிதங்களைச் சிறுசிறு துண்டுகளாகக் கிழித்து அழிக்க வேண்டும். பொட்டலம் கட்டும் கடைக்கு எடைக்குப் போடலாகாது.

அங்கத்தினருக்கும் கடமை உண்டு. காப்பீட்டு அட்டையை இரவல் கொடுத்தல் ஆகாது. கொடுத்தால் பிறர் நோய் நம் கணக்கில் ஏறி, பின்னாளில் வைத்தியரைத் தவறான வழியில் செலுத்தக்கூடும். கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணைத் தொலைபேசியில் கேட்பவருக்குச் சொல்லலாகாது.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க

அ. நம் சங்கத்தில் அங்கத்தினரின் மருத்துவக் காகிதங்கள் எங்கு உள்ளன? அவற்றைப் பார்க்கக் கூடியவர் எத்தனை பேர்?

ஆ. மருத்துவ உதவிக்கான நம் விண்ணப்பத்தில், கேட்க வேண்டாத கேள்வி ஏதேனும் உண்டா?

இ. நோயுற்ற அங்கத்தினர் ஒருவருக்குப் பொருளுதவி திரட்டவேண்டுமாயின், நோயின் பெயரைச் சொல்லாமல் அதை எவ்வாறு செய்யலாம்?